கடையாணியும் ஊற்றிய கையும்

முன்னொரு காலத்தில், பேரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் பேர் சொல்லாமல் விடப்படும் ஒரு ராஜ்யத்தில், ஒருநாள் காலைச் சபையில் இருந்தவர்கள் இவர்கள்: நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைப்போடு மகாராஜா. அவருக்கு வலப்பக்கம் பிரதானி தீத்தாரப்பர். இடப்பக்கம் மகாராணியின் தம்பி வச்சிரவேல். அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. புடைப்புக்குப் பற்றுப் போட வந்த அரண்மனை வைத்தியர். கை கட்டப்பட்டு நின்ற கள்ளுக்கடை உலகம்மாள். வெள்ளித் தாம்பாளத்தில் ரதச் சக்கரத்துக் கடையாணி ஒன்று. கடைசியாக, தூணுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு விதூஷகன் பிச்சாண்டி.

வரவேண்டியவன் ஒருவன் வரவில்லை. பல்லக்குத் தூக்கும் சுடலைமாடன். அவன் குடிசையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலோடு படுத்திருந்தான். மகாராஜாவின் புடைப்புக்கும் அந்தக் காலுக்கும் சம்பந்தம் உண்டு.

"இன்று காலை நமது பல்லக்கு ஏன் சாய்ந்தது?" என்று கேட்டார் மகாராஜா.

"முன்பக்கத்து ஆள் புதியவன், மகாராஜா. குட்டையானவன்" என்றார் தீத்தாரப்பர்.

"பழைய ஆள் எங்கே?"

"நேற்று மாலை தெற்கு வாசல் திருப்பத்தில் அவன்மேல் ஒரு ரதம் கவிழ்ந்துவிட்டது. இனி நடக்கமாட்டான் என்று வைத்தியர் சொல்கிறார்."

வைத்தியர் பற்றை அரைத்தபடியே ஆமாம் என்று தலையாட்டினார். நடக்கமாட்டான் என்று சொன்னது அவர்தான். ஆனால் சுடலைமாடனை அவர் போய்ப் பார்க்கவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டுச் சொன்னார்.

"ரதத்தை ஓட்டியது யார்?"

சபையில் எல்லோரும் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள். வச்சிரவேல் மட்டும் விதானத்தைப் பார்த்தான். தீத்தாரப்பர் தொண்டையைச் செருமினார்.

"ரதத்தை ஓட்டியது குடி, மகாராஜா. வச்சிரவேலர் கையில் கடிவாளம் இருந்தது, அவ்வளவுதான். குடித்தவன் தன் வசத்தில் இல்லை. தன் வசத்தில் இல்லாதவனைப் பிடித்துக் கேட்டு என்ன பயன்? அவனை அந்த நிலைக்குக் கொண்டுபோன கை எதுவோ அதுதான் குற்றவாளி. ஊற்றிக் கொடுத்தவன் தெளிவாக இருந்தான் அல்லவா?"

தூணுக்குப் பின்னால் பிச்சாண்டி இன்னும் ஒடுங்கினான். அவனுக்குச் சிரிக்கவைப்பது தொழில். பயப்படுவது குணம். தீத்தாரப்பர் பேச ஆரம்பித்தாலே அவன் ஓரடி பின்வாங்குவான். இன்றைக்கு இரண்டடி. ஏனென்றால் பிரதானி சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. முழுப்பொய்யைக் கேலி செய்துவிடலாம். பாதி நியாயத்தை என்ன செய்வது?

மகாராஜா முகம் மலர்ந்தது. யாராவது ஒரு சட்டத்தைக் கையில் கொடுத்தால் குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி அவருக்கு.

"நல்ல நியாயம்! இதோ நம் ஆணை. குடிகாரன் ரதமோட்டி ஒருவனை முடமாக்கினால், அவனுக்கு ஊற்றிய கை சிறைக்குள் இருக்க வேண்டும். அடிபட்டவன் தன் வாயால் 'போதும்' என்று சொல்லும்வரை இருக்க வேண்டும். முரசு அறையுங்கள்!"

"நான் ஊத்தலை சாமி" என்றாள் உலகம்மாள். அவள் அழவில்லை. ஐம்பது வயதுப் பெண்பிள்ளை. குடிகாரர்களோடு வாதாடி வாதாடிக் குரல் கரகரத்துப் போனவள். "அவரு வந்தாரு. ஆனா நான் ஊத்தலை."

தீத்தாரப்பர் தாம்பாளத்தைக் காட்டினார். "அப்படியானால் வச்சிரவேலரின் ரதத்துக் கடையாணி உன் கடைச் சுவரில் தொங்கியது எப்படி?"

உலகம்மாள் கடை வழக்கம் ஊருக்கே தெரியும். வண்டியோடு வருகிறவன் யாராக இருந்தாலும், அவன் இறங்கியதும் அவள் போய்ச் சக்கரத்துக் கடையாணியைப் பிடுங்கிவந்து சுவர் முளையில் மாட்டுவாள். கடையாணி இல்லாமல் வண்டியை ஓட்டினால் சக்கரம் அச்சிலிருந்து கழன்றுவிடும். குடித்து முடித்தவன் ஆணியைக் கேட்டால் கொடுப்பாள். அவனே போய் அச்சுத் துளையில் முதல் தடவையே செருகிவிட்டால் புறப்படலாம். தடவினானானால், அன்றைக்கு அவனுக்கு வண்டிக்கு அடியில்தான் படுக்கை. எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். எத்தனையோ பெண்டாட்டிகள் அவளுக்கு முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

"ஆணி உன்னிடம் இருந்தால் ஆள் உன்னிடம் குடித்தான் என்று அர்த்தம்" என்றார் தீத்தாரப்பர். "உன் வழக்கமே உனக்குச் சாட்சி."

சபை அமைதியானது. அமைதியானால் எல்லோரும் பிச்சாண்டியைத் திரும்பிப் பார்ப்பது வழக்கம். ஏதாவது சொல்வான், சிரிக்கலாம் என்று. அவன் தூணை இறுகக் கட்டிக்கொண்டான். ஏனென்றால் ஊற்றிய கை எது என்று அவனுக்குத் தெரியும். நேற்று மாலை அரண்மனை விருந்தில் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரண்மனை விருந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்களுக்கெல்லாம் மகாராஜாவே தம் கையால் இலுப்பைப்பூ மது ஊற்றுவார். கிண்ணம் அடிப்பக்கம் கூம்பியது. கீழே வைத்தால் சாய்ந்து கொட்டிவிடும். ஆகவே கையிலேயே வைத்திருக்க வேண்டும். கையில் இருந்தால் குடிக்க வேண்டும். காலியானால் மகாராஜா ஊற்றுவார். அவர் ஊற்றும்போது "போதும்" என்று சொல்லக்கூடாது. ஒருமுறை ஒரு தானாதிபதி வாய்தவறிச் சொல்லிவிட்டார். இப்போது எல்லைப்புறத்தில் உப்பளத்துக்குக் காவல் இருக்கிறார்.

பிச்சாண்டி விருந்துக்கென்றே சட்டைக் கைக்குள் பஞ்சு தைத்து வைத்திருந்தான். அவனுக்கு ஊற்றியதெல்லாம் பஞ்சுக்குப் போய்விடும். அதனால் அவன் தெளிவாக இருந்தான். வச்சிரவேலுக்கு மகாராஜா ஊற்றியதையும், ஊற்ற ஊற்ற அவன் குடித்ததையும், தூணைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனதையும், "மாப்பிள்ளை சிங்கம்!" என்று மகாராஜா தொடையைத் தட்டியதையும் பார்த்தான்.

தீத்தாரப்பரும் பார்த்தார். அதுதான் இப்போது அவர் முகத்தில் இருந்த சிரிப்பு. அவருடைய தலைப்பாகை காக்கைக்கூடு மாதிரி இருக்கிறதென்று பிச்சாண்டி ஒருநாள் சொல்லப்போய், மகாராஜா அன்று முழுவதும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் 'கா, கா' என்றார். தீத்தாரப்பர் அதை மறக்கவில்லை.

"மகாராஜா" என்றார் அவர், தேன் ஒழுக. "விதூஷகர் நேற்று விருந்திலும் இருந்தார். உலகம்மாள் கடைக்கும் அன்றாடம் போகிறவர். ஊற்றிய கை எது என்று அவரே கண்டுபிடித்துச் சிறையில் சேர்க்கட்டுமே."

"பேஷ்!" என்றார் மகாராஜா. "பிச்சாண்டி! நாளை உச்சிப்பொழுதுக்குள் ஊற்றிய கை சிறைக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் உன் தலை இருக்கும் இடத்தில் இருக்காது. அதுவரை இந்தப் பெண்ணைக் காவலில் வையுங்கள்."

"உத்தரவு, மகாராஜா" என்றான் பிச்சாண்டி. சொன்னது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

மகாராஜாவைச் சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் உலகம்மாள் போவாள். அதை அவனே செய்துவைக்க வேண்டும்.

*

சிறைச்சாலை அரண்மனைக்குப் பின்னால், குதிரை லாயத்தை ஒட்டி இருந்தது. கெட்டியான மரக்கதவு. கதவின் நடுவில் முழங்கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அது வழியாகத்தான் சோற்றுக் கலயம் உள்ளே போகும்.

பிச்சாண்டி குனிந்து உள்ளே பார்த்தான். இருட்டு.

"உலகம்மா."

"யாரு, விதூஷகரா? சிரிக்கவைக்க வந்தீரா?"

"நீ ஊத்தலைன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சபையில சொல்ல வேண்டியதுதானே. தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னீரே. தூணு என்ன உம்ம பொண்டாட்டியா?"

தாழ்வாரத்தில் காவல்காரன் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன நடந்துச்சு, சொல்லு" என்றான் பிச்சாண்டி.

"என்ன நடக்கும்? பொழுது சாயுற நேரம். ரதம் வந்து நின்னுது. நான் வழக்கம்போல ஆணியப் புடுங்கிட்டேன். அப்புறந்தான் ஆளைப் பாத்தேன். நிக்க முடியலை அவருக்கு. 'ஊத்து'ன்னாரு. 'ஏற்கெனவே எங்கேயோ நிறைய ஆகியிருக்கு, போதும்'னேன். நான் யாரு தெரியுமான்னாரு. யாரா இருந்தாலும் போதும்னேன். பானையை ஒரு உதை விட்டுட்டுப் போயி ரதத்துல ஏறி அடிச்சாரு குதிரையை."

"ஆணி இல்லாமலா?"

அந்தக் கரகரத்த குரல் இறங்கி வந்தது.

"அதுதான் எனக்கு நெஞ்சுல குத்துது. எந்த வண்டிக்காரனும் ஆணி இல்லாம ஏற மாட்டான். எத்தனை போதையிலயும் ஏற மாட்டான். உயிர் மேல ஆசை இருக்குமே. இந்த ஆளுக்குச் சக்கரத்துல ஆணின்னு ஒண்ணு இருக்குங்கறதே தெரியாதுய்யா. பிறந்ததிலேருந்து யாராவது மாட்டிக் குடுத்துத்தான் ஏறியிருக்காரு. இது எனக்குத் தோணலை. குதிரையை அவுத்து விட்டிருக்கணும்."

ஆறுதல் சொல்லப் பிச்சாண்டிக்கு வராது. அவன் மடியிலிருந்து ஒரு பொட்டலம் பொரிகடலையை எடுத்துத் துவாரத்தின் வழியே நீட்டினான். உள்ளே அவள் கை அதை வாங்கிக்கொண்டது. அவன் கை அங்கேயே கிடந்தது. எடுக்க மறந்துவிட்டான்.

"கையை எடும்" என்றாள் அவள், கடலையை மென்றுகொண்டே. "உம்ம கையும் உள்ள கிடக்குதுன்னா, ஆணை நிறைவேறிடுச்சுன்னு எவனாவது கதவைப் பூட்டிட்டுப் போயிரப் போறான்."

பிச்சாண்டி கையை எடுக்கவில்லை. துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். துவாரத்துக்கு அந்தப் பக்கம் முழங்கை வரை. இந்தப் பக்கம் மீதி ஆள்.

"என்னய்யா, மூச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்லை" என்றான். பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்கு இப்போது ஒரு வேலை கிடைத்துவிட்டது.

*

சுடலைமாடன் குடிசை வாசலில் தீத்தாரப்பரின் ஆட்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். விதூஷகனைப் பார்த்ததும் இளித்தார்கள். உள்ளே விட்டார்கள், கோமாளியால் என்ன ஆகிவிடும்?

சுடலைமாடன் காய்ச்சலில் இருந்தான். கால் வீங்கி, கட்டு சதையில் புதைந்திருந்தது.

"அவனுங்க என்ன சொல்றானுங்க?" என்று கிசுகிசுத்தான் பிச்சாண்டி.

"யாரு வந்து கேட்டாலும் 'போதும்'னு சொல்லப்படாதாம். சொன்னா இன்னொரு காலும் போயிருமாம். சாகுற வரைக்கும் அந்தக் கள்ளுக்கடையம்மா உள்ளயே கெடக்கணுமாம்."

"நீ என்ன நினைக்கிறே?"

"எனக்கு அந்தம்மா கை எதுக்கு சாமி? அந்தக் கையை உள்ள வெச்சா எனக்குக் கால் முளைக்குமா? அந்தாளு ரதத்துலேருந்து இறங்கி, சட்டையில மண்ணைத் தட்டிட்டு, என்னைத் தாண்டிப் போனாரு. தாண்டித்தான் போனாரு. சுத்திக்கூடப் போகலை."

"நாளைக்கு உன்னைச் சபைக்கு முன்னாடி தூக்கிட்டு வருவாங்க. மகாராஜா கேப்பாரு. உன் மனசுல இருக்கறதை அப்படியே சொல்லு."

"பயமா இருக்கு சாமி."

"எனக்கும்தான்" என்றான் பிச்சாண்டி. அதைக் கேட்டுச் சுடலைமாடனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது. ஏன் என்று இருவருக்கும் தெரியவில்லை.

*

மறுநாள் காலை பிச்சாண்டி மகாராஜாவின் காலில் விழுந்தான்.

"ஊற்றிய கையை அடியேன் கண்டுபிடித்துவிட்டேன், மகாராஜா. ஆனால் ஒரு சோதனை செய்து காட்டினால்தான் சபை நம்பும். அன்றைக்கு வச்சிரவேலர் முதலில் அரண்மனையில் அருந்தினார், பிறகு உலகம்மாள் கடைக்குப் போனார். அரண்மனை மதுவால் அவருக்குப் போதை ஏறவில்லை என்று தெரிந்துவிட்டால், குற்றம் கள்ளுக்கடையில்தான் என்று ஆகிவிடும். அல்லவா?"

"அரண்மனை மதுவா, எனக்கா?" என்று வச்சிரவேல் சிரித்தான். "ஒரு குடம் குடித்தாலும் ஊசியில் நூல் கோர்ப்பேன்."

"ஊசி வேண்டாம், ஆணி போதும். குடித்தபின் இந்தக் கடையாணியைச் சக்கரத்தில் செருகிக் காட்டினால் முடிந்தது."

"இதில் ஏதோ சூது இருக்கிறது" என்றார் தீத்தாரப்பர்.

"என்ன சூது, பிரதானியாரே? மகாராஜா ஊற்றும் மது ஆளைக் கவிழ்த்துவிடும் என்று பயப்படுகிறீர்களா?"

தீத்தாரப்பர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரே ஒரு விண்ணப்பம்" என்றான் பிச்சாண்டி. "குடித்தபின் ரதம் பக்கத்தில் இருந்தால் வச்சிரவேலர் மறுபடி ஏறிவிடக் கூடும். நம்மிடம் வேறு பல்லக்குத் தூக்கி இல்லை. ஆகவே அவர் காலியாக இருக்கும் ஒரு சிறை அறைக்குள் இருந்து குடிக்கட்டும். ஒரு சக்கரத்தையும் அச்சையும் உள்ளே வைத்துவிடுகிறேன். கதவைப் பூட்ட வேண்டாம், சாத்தினால் போதும். மகாராஜா வெளியிலிருந்தே ஊற்றலாம்."

மகாராஜாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. புடைப்பு வற்றிவிட்டிருந்தது. வேடிக்கைக்கு அவர் தயாராக இருந்தார்.

சிறை முற்றத்தில் கம்பளம் விரித்தார்கள். துவாரத்துக்கு நேராக ஒரு பீடம் போட்டார்கள். உலகம்மாளை அவள் அறையிலிருந்து கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினார்கள். வச்சிரவேல் கூம்புக் கிண்ணத்தோடு உள்ளே போனான். கதவைச் சாத்தினார்கள். மகாராஜா பீடத்தில் அமர்ந்து, மதுக் கெண்டியோடு வலக்கையைத் துவாரத்துக்குள் நீட்டினார்.

உள்ளே மது விழும் சத்தம். குடிக்கும் சத்தம். மறுபடி விழும் சத்தம்.

"எப்படி இருக்கிறது, மாப்பிள்ளை?"

"அமிர்தம், அத்தான்!"

கெண்டி காலியாகக் காலியாக நிரப்பிக் கொடுத்தார்கள். பிச்சாண்டி நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதில் நிழல் முற்றத்தில் சுருங்கிச் சுருங்கி, மதிலின் காலடிக்கே போய்விட்டது. உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது. வச்சிரவேல் இன்னும் தெளிவாகவே பேசிக்கொண்டிருந்தான். இந்த ஆள் உண்மையிலேயே ஒரு குடம் தாங்குவானோ? அவன் தாங்கிவிட்டால் உலகம்மாள் போனாள். பிச்சாண்டி ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் துவாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வாடிக்கைக்காரனைப் பார்க்கும் பார்வையோடு.

"இனி தாங்காது" என்று முணுமுணுத்தாள். "மூச்சு மாறிருச்சு."

உள்ளே ஏதோ விழுந்தது.

"ஆணியைச் செருகுங்கள், வச்சிரவேலரே!" என்று கூவினான் பிச்சாண்டி.

டக். டக். இரும்பு மரத்தில் இடிக்கும் சத்தம். துளையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இடித்தது. பிறகு அழுகை.

"துளை ஓடுது அத்தான்! அன்னிக்கும் இப்படித்தான்... தலை சுத்துது, சொல்ல முடியலை... போதும்னு சொன்னா உப்பளத்துக்கு அனுப்பிருவீங்க... அதான் குடிச்சேன்... அப்புறம் அந்தக் கள்ளுக்கடைக்காரி... என்ன திமிரு அவளுக்கு! ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு ஊத்தலை அத்தான்! என்னைப் போய் போதும்னுட்டா!"

மகாராஜா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"மகாராஜா, கையை எடுக்க வேண்டாம்" என்றான் பிச்சாண்டி.

காவலர்களின் கை வாளுக்குப் போனது. பிச்சாண்டி பிடித்துக்கொள்ளத் தூண் தேடினான். முற்றத்தில் தூண் இல்லை. தன் கையையே இறுகப் பிடித்துக்கொண்டான்.

"உச்சிப்பொழுதுக்குள் ஊற்றிய கை சிறைக்குள் இருக்க வேண்டும் என்பது தங்கள் ஆணை. உச்சிப்பொழுது ஆகிவிட்டது. ஊற்றிய கை எது என்று வச்சிரவேலரே சொல்லிவிட்டார். அது சிறைக்குள்தான் இருக்கிறது. மகாராஜா வெளியே இருக்கிறார். அதைத் தடுக்கும் வார்த்தை ஆணையில் இல்லை. அடியேன் வேலை முடிந்தது."

"ராஜத் துரோகம்!" என்று கத்தினார் தீத்தாரப்பர். "இவன் தலையை..."

"பொறும்" என்றார் மகாராஜா.

அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. தோள்வரை கதவில் ஒட்டிக்கொண்டு, கன்னத்தை மரத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. இதோ முடிந்தது, என்று நினைத்தான் பிச்சாண்டி. இத்தோடு முடிந்தது.

அப்போது உள்ளே வச்சிரவேல் மகாராஜாவின் கையைத் தடவிக் கண்டுபிடித்தான். கெண்டி நழுவியிருந்த அந்தக் கையில் காலிக் கிண்ணத்தைத் திணித்தான்.

"அத்தான், இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அத்தான்."

"போதும்!" என்றார் மகாராஜா.

மது ஊற்றும் நேரத்தில் அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. தீத்தாரப்பர் துள்ளினார். "சொல்லிவிட்டார்! போதும் என்று சொல்லிவிட்டார்! கையை எடுக்கலாம், மகாராஜா!"

"சொல்ல வேண்டியவர் இவரில்லை, பிரதானியாரே" என்றான் பிச்சாண்டி. "கால் உடைந்தவன்."

மகாராஜாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று வைத்தியர் ஓடினார். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். கதவில் கன்னம் உரச, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடப் பாவி! நம் கையை நம்மைக்கொண்டே உள்ளே போட வைத்துவிட்டானே! அந்தச் சுடலைமாடனைக் கொண்டுவாருங்கள். நம் பல்லக்கில் கொண்டுவாருங்கள்!"

"முன்பக்கம் ஓர் ஆள் குறைகிறது, மகாராஜா" என்றான் காவல் தலைவன்.

மகாராஜா அசையாமல் கண்ணை மட்டும் திருப்பினார். "தீத்தாரப்பர் நல்ல உயரம்."

*

பல்லக்கு வந்தது. பிரதானியின் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் சும்மாடாகி இருந்தது. சுடலைமாடனை இறக்கிக் கம்பளத்தில் கிடத்தினார்கள். மகாராஜா கதவில் சாய்ந்தபடி அவனைப் பார்த்தார். தம் பல்லக்கைத் தூக்கியவனின் முகத்தை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் அவருக்கு அவன் பிடரிதான் தெரியும்.

"அப்பா, ஊற்றியது இந்தக் கை" என்றார். "நீ சொல்லும்வரை இது உள்ளேதான். நீ உயிரோடு இருக்கும்வரை உன் வீட்டுக்குச் சோறும் வைத்தியமும் இந்தக் கை போடும். நீ என்ன சொன்னாலும் அது மாறாது. இப்போது சொல்."

சுடலைமாடன் தீத்தாரப்பரைப் பார்த்தான். அவருடைய ஆட்களைப் பார்த்தான். பிச்சாண்டியைப் பார்த்தான். பிச்சாண்டி இன்னும் தன் கையையே பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஊத்தின கைக்குப் போதும், மகாராஜா" என்றான் சுடலைமாடன். பிறகு கதவின் பக்கம் திரும்பினான். "ஓட்டின கைக்கு நான் இன்னும் சொல்லலை."

மகாராஜா கையை வெளியே எடுத்தார். முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அந்தக் கையில் இருந்த தங்கக் கங்கணத்தைக் கழற்றிப் பிச்சாண்டியிடம் கொடுத்தார். பிச்சாண்டி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டான்.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று உலகம்மாளைக் கேட்டார் மகாராஜா.

"விருந்து மண்டபத்து வாசல் சுவர்ல வரிசையா முளை அடிங்க சாமி. ரதத்துல வர்றவங்க ஆணியெல்லாம் அதுல தொங்கட்டும். அப்புறம், குதிரையையும் அவுத்துக் கட்டச் சொல்லுங்க. ஆணி மட்டும் போதாது. அது இப்பத்தான் எனக்குத் தெரியும். கிண்ணத்துக்கு அடி வைங்க. கீழ வைக்க முடியாத கிண்ணத்துல ஊத்துறது பாவம்."

"ஆகட்டும்."

கதவு கிறீச்சிட்டது. வச்சிரவேல் தள்ளாடி வெளியே வந்தான். வெயிலில் கண்ணைச் சுருக்கி எல்லோரையும் பார்த்தான். "சோதனை முடிஞ்சுதா அத்தான்? நான் போகலாமா? என் ரதம் எங்கே?" என்றான். கம்பளத்தில் கிடந்தவனைக் கவனிக்கவில்லை. அவன் கால் சுடலைமாடனின் கட்டுப்போட்ட காலுக்கு மேலே தூக்கி நின்றது, தாண்டப்போவது போல.

மகாராஜாவின் சிரிப்பு நின்றது. அவர் அறையைக் காட்டினார். அவ்வளவுதான் செய்தார்.

காவலர்கள் இருவர் வச்சிரவேலின் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். "என்னை யாருன்னு நினைச்சீங்க? அக்காகிட்டச் சொல்றேன்! அத்தான்! அத்தான்!" என்ற குரல் உள்ளே போனது. காவல் தலைவன் கதவை இழுத்துச் சாத்தினான். நாதாங்கியில் செருகும் முளைக்குச்சியைக் காணவில்லை. அவன் இடுப்பைத் தடவினான், தரையில் தேடினான்.

உலகம்மாள் துவாரத்தின் வழியே கையை விட்டு, உள்ளே கதவோரம் நின்ற சக்கரத்தின் மேல் கிடந்த கடையாணியைத் துழாவி எடுத்தாள். முதல் தடவையே நாதாங்கியில் செருகினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு நகர்ந்து நின்று, காவல் தலைவனுக்கு வழி விட்டாள். அவன் பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினான்.